பழவேற்காடு: கல்லறையில் பேர் இருக்கிறவங்களும் இல்லாதவங்களும்

இத்தாலி போனா அமால்ஃபி மாதிரி ஒரு பழைய கடலோர ஊரை ஒரே நாளில் சுத்திப் பார்த்துட்டு வரணும்னு நம்மில் பல பேருக்கு ஆசை இருக்கு. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம், இப்போ சின்ன ஊர். அப்படி ஒண்ணு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு, பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறினா பழவேற்காடு.

பெரும்பாலானவங்க அங்கே போறது பூநாரைக்கும் நண்டுக்கும்தான். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆனா 400 வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஊர் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் ஹெட் ஆபீஸ்.

அந்தக் கம்பெனி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரிடம் அனுமதி வாங்கி இங்கே கடை விரிச்சாங்க. ஏற்கெனவே இந்தக் கரையில் இருந்த போர்த்துகீசியர்கள் தாக்கினதும், 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழும்புச்சு. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் சோழமண்டலக் கரை முழுசுக்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். மதராஸில் ஆங்கிலேயர் கால் வெச்சதே 1639-இல்தான்.

சரி, ஏன் பழவேற்காடு? துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கணும்னா, அங்கே இருந்தவங்க பதிலுக்குக் கேட்டது நம்ம ஊர் நெசவுத் துணி. இங்கே துணி வாங்கு, அங்கே கொடுத்து மசாலா வாங்கு, ஐரோப்பாவில் வித்துடு. மலேசியாவில் இன்னைக்கும் லுங்கிக்கு ‘காயின் பெலிக்காட்’னு பேர். அந்தப் பெலிக்காட் நம்ம பழவேற்காடுதான்!

ஆனா துணி மட்டும் கப்பல் ஏறலை. மனுஷங்களும் ஏறினாங்க. 1619-இல் டச்சுக்காரர்கள் படேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவைப் பிடிச்சாங்க. 1621-இல் பண்டா தீவுகளில் பெரும் படுகொலை நடத்தி ஜாதிக்காய்த் தோட்டங்களைக் கைப்பற்றினாங்க. இரண்டு இடத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. இந்தப் பக்கம் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் அடிமை விலை சரிஞ்சது. சோத்துக்கு வழியில்லாமல் பிள்ளைகளை விற்றவங்க உண்டு, தங்களையே விற்றுக்கொண்டவங்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவங்க இப்படிப் பழவேற்காட்டிலிருந்து போனாங்க.

இப்போ அங்கே போனா என்ன பார்க்கலாம்? கோட்டையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இடிச்சாச்சு. புதர் மூடின மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். பக்கத்தில் இருக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்குது. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னம், தேதி எல்லாம் அவ்வளவு நுணுக்கமா செதுக்கியிருக்கு.

அந்தக் கற்களில் வியாபாரிகள், அதிகாரிகள், அவங்க மனைவி, குழந்தைகள் பேரெல்லாம் இருக்கு. கப்பல் ஏற்றப்பட்டவங்களுக்கு ஊரில் எங்கேயும் ஒரு கல் கிடையாது. கம்பெனிக் கணக்கில் அவங்க வெறும் எண்ணிக்கை. எனக்கு இதுதான் அந்த ஊரின் முக்கியமான வரலாறு. ட்ரிப் போறவங்க எடுக்கிற போட்டோவில் இது விழாது.

போறவங்களுக்கு இரண்டு விஷயம். ஒண்ணு, அந்த ஏரி மீனவர்களின் வேலையிடம். எந்த ஊர்க்காரங்க எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடணும்னு ‘பாடு’ என்ற முறையில் அவங்களே முறை வெச்சிருக்காங்க. வலைக்குக் குறுக்கே போய் செல்ஃபி எடுக்காதீங்க. இரண்டாவது, 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அங்கே சுற்றுலா வந்தவங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. யார் கூப்பிட்டாலும் உல்லாசப் படகில் ஏற வேண்டாம்.

கல்லறைகளைப் பார்த்து முடிச்சதும் முகத்துவாரம் பக்கம் நடந்து போங்க. பெரிய கப்பல்கள் அந்தக் காலத்தில் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நங்கூரம் போடும். சின்னப் படகில் ஏத்தி அங்கே கொண்டுபோனாங்க. அந்தக் கடலைக் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.