உருளை (பாரம் நகர்த்தும் கருவி)

பாரத்துக்கும் தரைக்கும் நடுவே குறுக்காகக் கிடந்து, தான் உருண்டு, மேலுள்ள பாரத்தை நகர வைக்கும் தடியே உருளை. மரக்கட்டை, இரும்புக் கம்பி, தடித்த பைப் என எதுவும் உருளையாகலாம். வட்டமாகவும் நேராகவும் இருந்தால் போதும். அச்சு கிடையாது, ஆணி கிடையாது, எண்ணெய் போடும் வேலையும் கிடையாது. பட்டறைகளில் 'ரோலர்' என்பார்கள், இல்லையென்றால் 'அந்தப் பைப்பை எடு' என்று முடித்துவிடுவார்கள். படகைக் கரையேற்றும்போது அடியில் இடும் கட்டையும் இதுதான். சக்கரமும் இதுவும் ஒன்றல்ல. சக்கரம் அச்சில் மாட்டியிருப்பதால் வண்டியோடு கூடவே வரும். உருளை கூட வராது, பின்தங்கிவிடும். உருளை வேலையின் நுணுக்கமும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கின்றன.

வேலை செய்யும் விதம்

ஒரு டன் எடையுள்ள மரப்பெட்டியைச் சாதாரணத் தளத்தில் இழுத்துக்கொண்டு போக, எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை விசை வேண்டும். அதாவது 300 முதல் 500 கிலோ. அதே பெட்டியை நல்ல சிமெண்ட் தளத்தில் இரும்பு உருளைகள் மேல் ஏற்றிவிட்டால் 20, 30 கிலோ விசையில் நகர்ந்துவிடும். இரண்டு பேர் கை வைத்தால் போதும். பெட்டியின் அடிப்பாகம் தரையில் உராய்வதே இல்லை. மிச்சமிருக்கும் தடை, தரையும் உருளையும் எடையில் இலேசாக அமுங்குவதால் வருவது. அதனால்தான் மண்தரையில் உருளை தோற்றுப்போகும்: புதைந்து, தனக்கு முன்னால் தானே ஒரு மேட்டை உண்டாக்கிக்கொள்ளும். அங்கே முதலில் பலகையோ இரும்புத் தகடோ விரிக்க வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவரைத் திகைக்க வைக்கும் ஒரு கணக்கு உண்டு. உருளை ஓர் அடி முன்னேறினால் பாரம் இரண்டு அடி முன்னேறும். உருளையின் அடிப்பகுதி தரையில் ஊன்றி நிற்க, நடுப்பகுதி ஒரு மடங்கு வேகத்திலும், பாரத்தைத் தாங்கும் உச்சி இரு மடங்கு வேகத்திலும் போவதே காரணம். ஆகவே 3 மீட்டர் நீள எந்திரம் 6 மீட்டர் நகர்வதற்குள், முன் விளிம்பில் வைத்த உருளை பின் விளிம்பு வழியாக வெளியே வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மறுபடி முன்னால் இடுவதுதான் உருளை வேலையின் தாளம். பின்னால் ஒருவர் எடுப்பார், முன்னால் ஒருவர் வைப்பார். எந்த நேரமும் பாரத்தின் அடியில் குறைந்தது மூன்று உருளைகள் இருக்க வேண்டும். ஒன்று வெளியேறும்போது மீதி இரண்டாவது சமமாகத் தாங்க வேண்டுமல்லவா? எல்லாம் ஒரே விட்டத்தில் இருப்பது கட்டாயம். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அது சும்மா கிடக்கும், மற்றவை கூடுதல் சுமையைத் தாங்கும்.

ஒரு லேத்தை நகர்த்தும்போது

பட்டறையில் இரண்டு டன் லேத் ஒன்றை இடம் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். லேத்தின் எடை நடுவில் இராது. மோட்டாரும் பல்சக்கரங்களும் உள்ள தலைப்பக்கம்தான் கனம். போதாததற்கு, கால் குறுகி மேற்பாகம் கனத்திருப்பதால் பக்கவாட்டில் சாயும் குணமும் உண்டு. விவரமான ஆட்கள் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்பே, படுக்கையின் மேல் நகரும் பாகங்களை எதிர்முனைக்குத் தள்ளி இறுக்கிவிடுவார்கள். கனம் கொஞ்சம் சமப்படும்.

பிறகு ஒரு முனையில் கடப்பாரை கொடுத்து ஒரு விரற்கடை தூக்குவார்கள். தூக்கியவுடன் உருளை போகாது, மரச்சக்கைதான் போகும். இன்னொரு விரற்கடை, இன்னொரு சக்கை. உருளை நுழையும் உயரம் வந்த பிறகே அதை உள்ளே விட்டு, சக்கைகளை ஒவ்வொன்றாக உருவுவார்கள். கடப்பாரை நழுவினாலும் எந்திரம் சக்கையில் உட்காருமே தவிர யார் கையிலும் உட்காராது. நேரம் ஆகிறது என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் விரலை இழக்கிறார்கள்.

உருளை எந்திரத்தின் அகலத்தைவிட நீளமாக இருந்து இரு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிடிப்பதற்கு மட்டுமில்லை, திருப்புவதற்கும் அந்த நீட்டல்தான். எந்திரம் வலப்புறம் திரும்ப வேண்டுமானால், முன்னுருளையின் இடது முனையைச் சுத்தியலால் தட்டிச் சற்று முன்னே தள்ளுவார்கள். உருளை கோணலாகும், பாரம் அந்தக் கோணலைப் பின்பற்றி வளையும். தட்டுவது சுத்தியல்; கை அல்ல, கால் அல்லவே அல்ல. உருளும் தடியைக் காலால் எத்திச் சரிசெய்யும் பழக்கத்தைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அதைப்போல மோசமான பழக்கம் இந்த வேலையில் வேறில்லை.

பிரேக் இல்லாத வண்டி

இழுப்பதற்கு எளிது என்பதே உருளையின் சிறப்பு. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தரையில் கிடக்கும் பாரத்தை உராய்வு பிடித்து வைத்திருக்கும். உருளைமேல் ஏற்றியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் ஒரு டன் பாரத்தைப் புவியீர்ப்பு 30 கிலோ விசையில் கீழே இழுக்கும். தள்ளுவதற்கு என்ன விசை போதுமோ அதே விசை. அதாவது, யாரும் தொடாமலே அது கிளம்பக்கூடும். கடை வாசலில் கட்டும் சரிவுப்பாதை பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், இரண்டு டன் லேத் 200 கிலோ விசையில் இறங்கப் பார்க்கும். எதிரே நின்று மார்பால் தாங்குவது மனிதரால் ஆகாது.

ஆகவே உருளையின் கூடவே முட்டுக்கட்டை வர வேண்டும். நிற்கும்போதெல்லாம் உருளையின் இருபுறமும் ஆப்பு. சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து கயிறோ செயின் பிளாக்கோ கட்டி, விட்டு விட்டு இறக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. 'நிறுத்து' என்று குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நான்கு பேர் நான்கு விதமாகக் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது.

தமிழ்நாட்டில் இந்த ஞானத்துக்குப் பெரிய பள்ளிக்கூடம் தேரோட்டம். தேர் சக்கரத்தில் ஓடுவது, உருளையில் அல்ல. ஆனால் அதை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் ஓடி ஓடி முட்டுக்கட்டை இடுகிறவர்கள்தாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அதற்குப் பிறகும் கட்டை போடுகிறவர்களின் வேலை ஓயவில்லை.

வரலாற்றில்

பிரமிடுக் கற்கள் எல்லாம் உருளையில் போயின என்று பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பலரும் நம்புகிறோம். எகிப்தியரே வரைந்து வைத்த சான்று வேறு சொல்கிறது. கி.மு. 1900 வாக்கில் டெயிர் எல் பெர்ஷாவில் ஜெஹுதிஹோடெப் என்ற ஆளுநரின் கல்லறையில் தீட்டிய ஓவியத்தில், பிரமாண்டமான சிலை ஒரு சறுக்குச் சட்டத்தில் நிற்க, நான்கு வரிசை ஆட்கள் இழுக்கிறார்கள். ஒருவர் சட்டத்தின் முன்னால் தண்ணீர் ஊற்றுகிறார். உருளை ஒன்றுகூட இல்லை. அளவாக ஈரமாக்கிய மணலில் இழுவிசை ஏறக்குறையப் பாதியாகிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014இல் சோதித்துக் காட்டினார்கள். மணல்நாட்டில் உருளை புதைந்திருக்கும். அந்த மக்கள் தங்கள் தரையை அறிந்திருந்தார்கள்.

எபேசஸ் நகரத்து ஆர்டெமிஸ் கோயிலைக் கட்டிய கெர்சிஃப்ரோன், கல்தூண்களை வண்டியில் ஏற்றினால் சக்கரம் புதையும் என்று கண்டு, தூணின் இரு முனைகளிலும் இரும்பு முளை பதித்து, தூணையே உருளையாக்கி மாடு பூட்டி உருட்டிச் சென்றதாக ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார்.

உருளைத் தத்துவத்தின் உச்சம் என்று நான் கருதுவது ரஷ்யாவின் 'இடிக்கல்'. பீட்டர் மன்னரின் குதிரைச் சிலைக்குப் பீடமாக, ஃபின்லாந்து வளைகுடா அருகே லக்தாவில் கிடந்த சுமார் 1,250 டன் பாறையைச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கொண்டுவர அரசி இரண்டாம் கேத்தரின் விரும்பினார். கெஃபலோனியாத் தீவில் பிறந்த கிரேக்கரான மரினோஸ் கர்புரிஸ் பொறுப்பேற்றார். அவர் செய்த முதல் வேலை, குளிர்காலத்துக்குக் காத்திருந்தது. சதுப்பு உறைந்து கல்லான பிறகே பாறையை அசைத்தார். தடிகளுக்குப் பதிலாக, பள்ளம் வெட்டிய தண்டவாளத்தில் வெண்கலக் குண்டுகளை இட்டு, அவற்றின் மேல் சட்டத்தை ஓட்டினார். 400 பேர் சுழல்மரம் சுற்றிக் கயிறு இழுத்தார்கள். மிக நல்ல நாளில் 150 மீட்டர். கடந்துபோன தண்டவாளத்தைப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்து இட்டார்கள், பட்டறையில் பின் உருளையை முன்னால் இடுவதைப் போலவே. பாறை 1770இல் நகரம் சேர்ந்தது. சிலை 1782இல் திறக்கப்பட்டது.

நமக்கு அருகே, கேரளத்தின் பேப்பூரில் மரக்கப்பல்களை உருளை, கயிறு, கப்பி, சுழல்மரம் கொண்டு கடலில் இறக்கும் மாப்பிளக் கலாசிகள் இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். 1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, மூழ்கிய பெட்டிகளை மேலே கொண்டுவர அழைக்கப்பட்டவர்களில் அவர்களும் உண்டு.

இன்று

இன்றைய 'மெஷின் ஸ்கேட்' உருளையின் பேரப்பிள்ளை. சில வகைகளில் சங்கிலியாகக் கோத்த சிறு உருளைகள் ஓர் இரும்புத் தகட்டைச் சுற்றிச் சுற்றி வரும். பின்னால் வந்த உருளை தானாகவே முன்னால் போய்விடுகிறது. ஆள் குனிந்து எடுக்க வேண்டியதில்லை, விரலுக்கும் வேலையில்லை. அமெரிக்காவின் ஹட்டராஸ் முனைக் கலங்கரை விளக்கத்தைக் கடல் அரிப்பிலிருந்து காக்க, 1999இல் 23 நாள்களில் 2,900 அடி தள்ளி வைத்தார்கள். நாலாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அந்தச் செங்கல் கோபுரம் நகர்ந்ததும் இரும்புத் தடத்தின் மேல் உருளைகளில்தான். ஹைட்ராலிக் ஜாக்கிகள் ஒரு தள்ளுக்கு 5 அடி என்று அதைத் தள்ளின.

ஸ்கேட் வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்கு நான்கைந்து தடித்த பைப் துண்டுகள் இன்றும் போதும். ஆனால் பைப்பை வெட்டும் அன்றே, கெட்டியான மரத்தில் எட்டு ஆப்புகளும் செய்து, இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு வையுங்கள். மரத்துண்டு எந்தத் தச்சுக்கடையிலும் கிடைக்கும்.