குடவோலையும் குடியரசும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, குடியாட்சியின் தொட்டில் இதுவே எனக் கூத்தாடுவோர் உண்டு. கல் கூறுவதை முழுதும் படிப்போம், தோழர்களே!

முதலாம் பராந்தகன் காலம், 921-ஆம் ஆண்டளவு. 30 குடும்புகள், குடவோலை, 360 நாட்களே பதவி. கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்று, அவன் உறவினர்க்கும் வாரியத்தில் இடமில்லை. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவன் மீண்டும் நுழைய முடியாது. ஆள்வோர்க்குக் கடிவாளம்! அழகுதான், மறுக்கமாட்டோம்.

ஆனால், ஓலையில் யார் பெயர்? இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவன் பெயர். வேதம் கற்றவன் பெயர். அது பிராமணர் சபை! நிலமின்றி உழுதவனுக்கு அங்கே இடமேது?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமோ, கீழ்க்கட்டளையின் கூலியாளுக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, வாக்குரிமை தந்தது. கடிவாளம் மட்டும் போதாது; அதைப் பிடிக்கும் கை அனைவர் கையாக வேண்டும். அக்கையை நாம் தளரவிடலாமா?