கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்த கதை: நம் ஹெட்லைட் ஏன் மஞ்சளாகிறது?



அடுத்த முறை பார்க்கிங் பக்கம் போகும்போது ஏழெட்டு வருடம் ஓடிய கார்களின் முகத்தைக் கவனியுங்கள். பாடி பளபளவென்று இருக்கும். ஹெட்லைட் மட்டும் புரை விழுந்த கண் மாதிரி மங்கி மஞ்சளாக இருக்கும். பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டியைவிட, வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது அதிகம். அழுக்குதானே, துடைத்தால் போய்விடும் என்று நம்மில் சிலர் விட்டுவிடுகிறோம். பல்புதான் வீக் ஆகிவிட்டது என்று சிலர் கூடுதல் வாட் பல்பு மாட்டுகிறோம். காரணம் இரண்டுமே இல்லை. இந்த மஞ்சளுக்குப் பின்னால் ஒரு நாற்பது வருடக் கதை இருக்கிறது. அது தெரிந்தால் எந்த வைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்பது தானாகப் புரிந்துவிடும்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மோட்டார் காரின் ஆரம்ப நாட்களில் விளக்கு என்றால் கார்பைடு விளக்குதான். கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டவிட்டு, அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவைக் கொளுத்துவார்கள். 1912இல் காடிலாக் கம்பெனி, மின்சார ஸ்டார்ட்டரோடு மின்விளக்கையும் சேர்த்து வண்டியிலேயே பொருத்திக் கொடுத்தது. மின்விளக்கிலும் ஒரு தொல்லை இருந்தது. விளக்குக் கூட்டுக்குள் தூசியும் ஈரமும் புகுந்து ரிஃப்ளெக்டரைக் கறுக்கச் செய்துவிடும். வண்டி புதிதாகவே இருக்கும், வெளிச்சம் பழசாகிவிடும்.

இதற்கு 1940ஆம் வருட மாடல்களில் ஒரு தீர்வு வந்தது. அதன் பெயர் சீல்டு பீம். இழை, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி மூன்றையும் ஒன்றாக வைத்துக் காற்றுப் புகாமல் மூடிவிட்டார்கள். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் 7 அங்குல வட்ட விளக்கு, வண்டிக்கு இரண்டு. இழை அறுந்தால் முழு விளக்கையும் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த ஊர்க் கடையிலும் அதே அளவில் புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இழை அறுந்த ஒவ்வொரு முறையும் முன்கண்ணாடியும் புதிதாகிவிட்டது. அது பழசாக வாய்ப்பே இல்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் அமெரிக்க அரசு, கார்கள் லிட்டருக்கு இத்தனை தூரம் ஓடியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. காற்றை எதிர்த்து நிற்காத, வழுக்கிக்கொண்டு போகிற முகம் காருக்குத் தேவைப்பட்டது. நிமிர்ந்து நிற்கும் தட்டையான சீல்டு பீம் அதற்கு இடைஞ்சல். வண்டியின் வளைவுக்கு ஏற்ற விளக்கு வைக்க அனுமதி வேண்டும் என்று ஃபோர்டு கம்பெனி மனுப் போட்டது. 1983இல் அனுமதி கிடைத்தது. 1984ஆம் வருட மாடலான லிங்கன் மார்க் 7 கார் அப்படிப்பட்ட விளக்கோடு வந்தது. பல்பை மட்டும் தனியாக மாற்றலாம். முன்மூடி, கார் உள்ளவரை காரோடேயே இருக்கும். ஐரோப்பாவில் இப்படி வளைந்த விளக்குகள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் மூடி கண்ணாடி. 1990களில் அவர்களும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். இதைப் பயன்படக்கூடிய பொருளாக 1953இல் இரண்டு பேர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல். மற்றவர் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் டேனியல் ஃபாக்ஸ். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு மேல்பூச்சு. கிடைத்ததோ சுத்தியலால் அடித்தாலும் உடையாத ஒரு தெளிவான கட்டி. யாருக்குக் காப்புரிமை கிடைத்தாலும் மற்றவர் ராயல்டி கொடுத்துவிட்டுத் தயாரிக்கலாம் என்று இரண்டு கம்பெனிகளும் உடன்பாடு செய்துகொண்டன. காப்புரிமை பேயருக்குப் போனது. நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்களின் தலைக்கவசம் இந்தப் பொருள்தான். நம் வீட்டு அலமாரியில் தூங்கும் பாட்டு சிடியும் இதுதான்.

எடை குறைவு, உடையாது, எந்த வளைவுக்கும் வார்த்துக்கொள்ளலாம். வரவுப் பக்கம் பிரமாதம். பற்றுப் பக்கத்தில் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று, கண்ணாடியைவிட மிருது என்பதால் எளிதில் கீறல் விழும். இன்னொன்று, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இதன் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த பகுதிகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அதாவது மஞ்சள் மேலே படிந்ததில்லை, மேற்பரப்பே மாறிப்போனது. இந்த இரண்டையும் தடுக்கத் தொழிற்சாலையில் மூடியின் மேல் ஒரு மெல்லிய கெட்டிப் பூச்சு கொடுக்கிறார்கள். அது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. மூடியைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான்.

அந்தத் தோல் எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்க விதிப்படி விளக்கு மூடிக்கான பிளாஸ்டிக்கை ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் திறந்தவெளியில் 3 வருடம் வைத்துச் சோதிக்க வேண்டும். நாமோ ஒரு காரைப் பத்துப் பதினைந்து வருடம் வைத்து ஓட்டுகிறோம், அதுவும் நம் ஊர் வெயிலில். காரின் விலைக்குத் தேய்மானம் போடுகிற நாம் இந்தப் பூச்சுக்குத் தேய்மானம் போட மறந்துவிடுகிறோம்.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டியவர்களுக்கு இது புதுப் பிரச்சினையாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டிகளில் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், உள்ளே துரு ஏறும், ஆனால் மஞ்சளாகாது. இன்றைக்கும் மெக்கானிக் ஹெட்லைட் மூடியை "கிளாஸ்" என்றுதான் சொல்கிறார். பெயர்தான் மிச்சம்.

இதில் அழகைவிட உயிர்தான் பெரிய விஷயம். ட்ரிபிள் ஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் சோதித்துப் பார்த்தபோது, மங்கிய விளக்குகள் லோ பீமில் புது விளக்கின் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் கொடுத்தன. மூடியைத் தேய்த்துப் புதுப்பித்ததும் அது சுமார் 70 சதவீதம் வரை ஏறியது. மங்கிய மூடி ஒளியைச் சாலையில் விழவிடாமல் நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அதற்குப் பின்னால் பெரிய வாட் பல்பு மாட்டினால் எதிரே வருகிறவரின் கண்தான் கூசும். நமக்குச் சாலை தெரியாது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறைகிறது. என் வயதுக்காரர்கள் இரவில் நெடுஞ்சாலையில் போகிறோம் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது வைத்தியம். வேலை இரண்டே பாகம்: செத்துப்போன தோலை எடுப்பது, புதுத் தோல் போடுவது.

முதலில் விளக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் 800, 1500, 2000 நம்பர்களில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டு இந்த வரிசையிலேயே தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சளாக, பால் போலத் தண்ணீர் வடியும். அந்த மஞ்சள் நிற்கும்வரை அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். ஒரு பேப்பர் விட்ட கீறலை அடுத்தது எடுக்க வேண்டும். கடைசியில் ரப்பிங் கம்பவுண்டு வைத்து மெத்தென்ற துணியால் தேய்த்தால் தெளிவு வரும். இரண்டு விளக்குக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் போதும், ஹோஸ் வேண்டாம். ஓர் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பற்பசை வைத்தியமும் இதுதான். பற்பசையில் உள்ள நுண்துகள் லேசாகத் தேய்க்கிறது, அவ்வளவே. பளிச்சென்று ஆகும்; ஆனால் தோல் இல்லாத பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது. சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். எனவே அன்றைக்கே ஹெட்லைட்டுக்கென்று விற்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைத் துணியால் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை நிழலில் காயவிடுங்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே கிளியர் கோட் இன்னும் அதிக நாள் உழைக்கும். ஆனால் அதிலிருந்து வரும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. அதைப் பெயின்டிங் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். நம் பேஸ்மென்ட்டில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டாம். புகை தங்கும், பக்கத்து வண்டி மேலும் படியும்.

செய்யக் கூடாதவை: பெட்ரோல், தின்னர் வைத்துத் துடைத்தால் மூடியில் நுண்விரிசல் விழும். கொசு விரட்டி தடவச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் யோசனையும் வேண்டாம். அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இளக்குகிறது. அந்தப் பளபளப்பு நிற்காது. மங்கல் உள்பக்கம் இருந்தாலோ, ஈரம் கோத்திருந்தாலோ, மேலே தேய்த்துப் பயனில்லை. அப்போது முழு விளக்கையும் மாற்றுவதுதான் வழி. அதற்குப் பல ஆயிரம் ஆகும். தேய்த்துப் பூச்சுப் போட ஆகும் செலவு அதில் சிறு பங்குதான்.

தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை. இருட்டியபின் காரை ஒரு சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு போட்டதுபோலத் தெளிவாக விழுந்தால் கவலையில்லை. பனிமூட்டம் போலப் பரவினால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்கு ஒதுக்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் மாலை நடையில் என்னை நிறுத்திக் கேளுங்கள். வாட்டர் பேப்பர் வீட்டில் மிச்சம் இருக்கிறது.