காணும் கண்களின் ஊர்

பிள்ளைகுட்டிகளோடு சென்னையைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் ஆங்கிலேயர் தந்தது என்பார்கள். ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா உலாச்சாலையை அமைத்தது 1884-இல்; எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொடக்கம் 1851-இல். இரண்டும் உண்மை. ஆனால் ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் மயிலாப்பூரின் ஆண்டு முழுவதையும் விழாக்களாக அடுக்குகிறது: ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். கடற்கரைக்கு மக்கள் திரண்டு போவது மெரினாவைவிடப் பல நூறு ஆண்டு மூத்தது.

அது பக்தி, வேடிக்கை அல்ல என்று மறுக்கலாம். பதிகத்தைக் கவனித்தால் அந்தப் பிரிவினை நிற்காது. இறந்துபோன ஓர் இளம்பெண்ணிடம், இந்த விழாக்களைப் பார்க்காமலே போய்விடுவாயா என்றுதான் பாடல்தோறும் கேட்கிறார் சம்பந்தர். பார்ப்பதையே வாழ்வின் பேறாக வைத்த கேள்வி அது; எனக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை. இன்றும் பங்குனியில் அறுபத்துமூவர் உலாவின்போது மாடவீதிகளில் அப்பாக்களின் தோளில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் கட்டியவையும் இந்தப் பழக்கத்துக்குள்தான் வந்து சேர்ந்தன: அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயரிட்டு, காணும் பொங்கலுக்குக் கூட்டமாகப் போனார்கள் நம் மக்கள். இப்போது தி.நகர்க் கடைகளே சுற்றுலாவை விழுங்கிவிட்டன என்ற வருத்தம் நியாயமானது, ஆனாலும் பொம்மையும் வளையலும் விற்காத திருவிழா மயிலாப்பூரில் ஏது?