பாகூரில் பீறிட்ட நீர்

பாகூர் என்றதும் சரித்திரப் பிரியர்களுக்குப் பல்லவன் நிருபதுங்கனின் செப்பேடு ஞாபகம் வரும். விவசாயிக்கு ஏரியும் பங்காரு வாய்க்காலும் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஏரியைப் பற்றி.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், புதுச்சேரி சவானா ஆலையில் தண்ணீருக்காகப் பூமியைத் துளைத்தார்கள். ஏற்றமும் இல்லை, கவலையும் இல்லை. ஜலம் தானாகவே பொங்கி வந்தது! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சென்னைக்கும் இப்படிக் கிடைக்குமா என்பது அவர் கவலை.

இது பாதாள கங்கை அல்ல. கீழே கிடப்பது கடலூர் மணற்பாறை. மேற்கே செம்மண் மேடுகளில் அது வெளியே தலைகாட்டுகிறது. அங்கே விழும் மழை மணலின் இடுக்குகளில் இறங்கி, கடலை நோக்கிச் சரிந்த பாறையோடு ஊர்கிறது. மேலே களிமண் மூடி. மூடியைத் துளைத்தால், அடைபட்டிருந்த அழுத்தம் நீரை உயர்த்துகிறது. பிரான்ஸில் ஆர்த்துவா மாகாணத்தின் பெயரால்தான் இதற்கு ஆர்ட்டீசியன் ஊற்று என்று பெயர். இந்த நடைக்குக் கணக்குச் சொன்னவரும் பிரெஞ்சுக்காரரே. தீஜோன் நகரத்து எஞ்சினீயர் ஆன்ரி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டுப் பார்த்து 1856-ல் எழுதினார்: இரு முனைகளின் நீர்மட்ட வித்தியாசம் கூடினால் வேகம் கூடும், தூரம் கூடினால் குறையும்.

1880-களில் பாகூரில் நீருக்குத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரியும் வந்தது. அதே கதை 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் மறுபடி நடந்தது. 1956-ல் அங்கே நிலக்கரி நிறுவனம் பிறந்தது. பாகூரில் வரமாக வந்த அழுத்தம் அங்கே சத்துருவாயிற்று. சுரங்கத்தின் அடித்தளத்தைப் பெயர்த்துவிடாதிருக்க இராப் பகலாக இறைத்தார்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் மோட்டார்கள் பெருகின. நெல்லும் கரும்பும் விளைந்தன. அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் மழை இறங்குவதைவிட வேகமாக எடுத்தோம். பொங்கிய ஊற்றுகள் ஓய்ந்தன. 2002-ல் நிலத்தடி நீருக்கென்று புதுச்சேரியில் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

கிழக்கே சமுத்திரம் இருக்கிறது. நல்ல தண்ணீரின் அழுத்தந்தான் இத்தனை காலமும் உப்பு நீரை அப்பால் நிறுத்தி வைத்தது. அழுத்தம் குறைந்தால், தார்சியின் கணக்குப்படியே கடல் உள்ளே நடந்து வரும். அதற்கு மணலின் இடுக்கு போதும். வாய்க்கால் வெட்ட வேண்டியதில்லை.