சித்தூரில் வயலில் தீ வைத்தால் 30,000 ரூபாய் அபராதமா? சட்டம் என்ன சொல்கிறது?

'வயலில் சோகையை எரித்தால் 30,000 ரூபாய் அபராதம்' என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு தகவல் வந்திருக்கலாம். தொகை சரிதான், ஊர்தான் தப்பு.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 நவம்பரில் அந்த அபராதத்தை இரு மடங்காக்கியது. 2 ஏக்கருக்குக் குறைவாக நிலம் வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய், 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. இது டெல்லி தலைநகர் பகுதிக்கும், அதை ஒட்டிய பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பகுதிகளுக்கும் மட்டும்தான். ஆந்திராவுக்கு அந்த அட்டவணை பொருந்தாது.

அப்போ இங்கே எரிக்கலாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 1981-ம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19(5) பிரிவு, மாநில அரசுக்கு ஓர் அதிகாரம் தருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்து ஆலோசித்து, காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் எரிபொருள் அல்லாத எதையும் எரிக்க அரசு தடை போடலாம். அதை அரசிதழில் வெளியிட வேண்டும். தவிர, புகை ஊருக்கே தொல்லை என்றால் கோட்டாட்சியர் நிலையிலேயே உத்தரவு போட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு இப்போது பி.என்.எஸ்.எஸ். 152-ம் பிரிவாக இருக்கிறது. அவசரத் தடை உத்தரவுக்கு 163-ம் பிரிவு (பழைய 144). வடக்கில் கலெக்டர்கள் அறுவடைக் காலத்தில் கையில் எடுப்பது இதைத்தான். ஆக, உங்கள் பகுதிக்கு உத்தரவு ஏதும் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கிராம சச்சிவாலயத்தில் விசாரிக்கலாம்.

சித்தூர் உண்டு, திருப்பதி இல்லை

தேசிய தூய காற்றுத் திட்டத்தில் ஆந்திராவின் 13 நகரங்கள் உள்ளன. அதில் சித்தூர் ஒன்று. திருப்பதி இல்லை. தொடர்ந்து 5 ஆண்டுகள் காற்றுத் தர வரம்பைத் தாண்டிய நகரங்களுக்கான பட்டியல் இது. பிஎம்10 துகளுக்கு ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இதில் ஒரு சிக்கல்: திட்டம் நகரத்துக்கு, கரும்புத் தோட்டமோ நகர எல்லைக்கு வெளியே. புகைக்கு அந்த எல்லை தெரியாது, காட்பாடி பக்கம் இருக்கும் மாநில எல்லையும் தெரியாது.

விவசாயி ஏன் எரிக்கிறார்?

வைக்கோலும் வேர்க்கடலைக் கொடியும் மாட்டுக்குத் தீவனம், விலை போகும். காய்ந்த கரும்புச் சோகையை மாடு விரும்பாது. ஏக்கருக்கு 3, 4 டன் சேரும். கூலி கொடுத்து வாருவதைவிட ஒரு தீக்குச்சி மலிவு. மறுதாம்புக்கும் சீக்கிரம் தண்ணீர் கட்டிவிடலாம். இதில் சோம்பல் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான்.

வடக்கில் அபராதத்தோடு பணமும் போனது. 2018-ல் தொடங்கிய பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டத்தில் இயந்திரம் வாங்க தனி விவசாயிக்கு 50%, வாடகை மையங்களுக்கு 80% மானியம். அதுவும் பஞ்சாப், ஹரியானா, உ.பி., டெல்லிக்குத்தான். சித்தூர் விவசாயிக்கு அந்த அபராதமும் இல்லை, அந்த மானியமும் இல்லை. நாளை இங்கே தடை வந்தால், இரண்டில் எது முதலில் வரும் என்று பார்க்க வேண்டும்.

அதுவரை செலவு குறைந்த வழி, சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பிவிடுவது. ஈரம் காக்கும், களையும் குறையும். பக்கத்துத் தோட்டத்தில் தீ வைக்கிறார்கள் என்றால் மட்டும் கவனம். காய்ந்த சோகை சட்டென்று பற்றிக்கொள்ளும்.