மரியாவின் தங்கை

போன வாரம் மரியாவை அறுவைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். பிழைத்தாளா என்று தவித்திருப்பீர்கள்.

பிழைத்தாள். வினை அதற்குப் பிறகுதான்.

11 வயதுச் சிறுமி. 1874 ஜனவரியில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் அவளுடைய கழுத்துக் கழலையைத் தைராய்டோடு மொத்தமாக எடுத்தார். கழலையில் கத்தி வைத்தாலே ரத்தம் பீறிட்டுச் சாவு என்றிருந்த காலம். கோக்கர் நிதானக்காரர். ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, மிச்சம் மீதியில்லாமல் எடுப்பவர். தைராய்டால் உடம்புக்கு என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெளிவில்லை. பிறகு எதற்கு மிச்சம் வைப்பது?

அவளை அனுப்பிவைத்த டாக்டர் ஃபெட்சரினிடமிருந்து தகவல் வந்தது. பெண் ஆளே மாறிவிட்டாள். சிடுசிடுப்பு, மந்தம். அதட்டினால்தான் வேலை செய்கிறாள்.

ஆண்டுகள் ஓடின. ஜெயித்தவர் காதில் இதெல்லாம் லேசில் ஏறாது.

இதே தகவல் குமாரபாளையத்தில் ஒரு தறி வீட்டில் கிளம்பினால்? நன்றாகப் படித்த பத்தாம் வகுப்புப் பெண் திடீரென்று பேச்சைக் குறைக்கிறாள். எழுப்பினால் எழுவதில்லை. சும்மா சும்மா அழுகிறாள். “கொழுப்பு” என்பார் அப்பா. “காத்து கருப்பு பட்டிருக்கும், பவானி கூடுதுறையில முழுக்குப் போட்டு மந்திரிக்கலாம்” என்பார் அப்பத்தா. ரத்தத்தில் தைராய்டு என்ன, கால்சியம் என்ன என்று பார்க்க யாருக்கும் தோன்றாது.

கோக்கருக்குத் தோன்றவைத்தவர் ஜெனீவாவின் ரெவெர்டின். 1882 செப்டம்பரில் சந்தித்தபோது, அறுவைக்குப் பின் தன் நோயாளிகள் மந்தமாவதைச் சொன்னார்.

சுருக்கென்றது. பழைய நோயாளிகளைத் தேடி அழைத்தார் கோக்கர். மொத்தமும் எடுக்கப்பட்டவர்களில் 18 பேரைப் பார்த்தார். 16 பேர் பழைய ஆளாக இல்லை.

மரியாவும் அவர்களில் ஒருத்தி.

அறுவைக்கு முன் அவளுக்கும் தங்கைக்கும் ஆள் மாறாட்டமே நடக்கும். அப்படியொரு ஜாடை. இப்போது தங்கை வளர்ந்து பூரித்த இளம்பெண். அக்கா குட்டையாக, புத்தி மழுங்கி நின்றாள்.

தங்கைக்கு இருந்தது அக்காவுக்கு இல்லை. எடுத்தது யார்?

மூடி மறைத்திருக்கலாம். அவர் புகழுக்கு முன்னால் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? ஆனால் 1883 ஏப்ரலில் பெர்லினில், சக அறுவை மருத்துவர்கள் முன்னால், எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். இனி கழலைக்காக முழுத் தைராய்டையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1909-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. என் கணக்கில் அவர் பெரிய மனிதரானது பெர்லினில்தான்.

மரியாவைக் கெடுத்தது அவருடைய கைநேர்த்தி. அவசரக்காரர் அறுத்திருந்தால் ஒரு துணுக்காவது தங்கியிருக்கும்.

அப்படியோர் அவசரக்காரர் வியன்னாவில் இருந்தார். பில்ரோத். அவருடைய நோயாளிகளிடம் இந்த மந்தம் அதிகம் தெரியவில்லை. ஆனால் சிலருக்குக் கைவிரல்கள் முறுக்கி இழுத்தன. வலிப்பு கண்டது.

அவர் கத்தியோடு போனது வேறொன்று. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவைதாம். கால்சியம் இறங்கினால் கை மட்டுமா இழுக்கும்? காரணமில்லாத பயம், எரிச்சல், இல்லாத குரல் கேட்பது வரைக்கும் போகும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? மனித உடலில் அந்தச் சுரப்பிகள் இருப்பதை 1880-லேயே ஒருவர் எழுதிவிட்டார். ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஏன்? அடுத்த வாரம் உப்சாலா போவோம். அதற்குள், உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று ஆள் மாறியிருந்தால், திட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு தைராய்டு, கால்சியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.